திரும்பி வராத விமானி

வானில் விமானம் பறந்தால் நாம் அனைவரும் அண்ணாந்து பார்க்கிறோம். அப்படிப் பார்த்து வியந்த ஒரு சிறுவன், பிற்காலத்தில் சிறந்த விமானியாகவும் உலகம் போற்றும் எழுத்தாளராகவும் விளங்கினான். அவரே அந்த்வான் து செந்த்-எக்சுபெரி.

இவர் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் 1900ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் பிறந்தார். நான்கு வயது நிறையுமுன்னே தந்தையை இழந்தார். தாயார் மரி அம்மையார் ஐந்து குழந்தைகளையும் அன்புடன் வளர்த்தார். இயேசு சபைக் குருக்களின் பள்ளியில் பயின்ற இவர், 12 வயதில் முதன்முறையாக விமானத்தில் பறந்தார். அன்றே வானம் அவர் உள்ளத்தைக் கவர்ந்துவிட்டது.

1926ஆம் ஆண்டு விமானத் தபால் பணியில் சேர்ந்தார். கடலையும் பாலைவனத்தையும் கடந்து, முன்பின் அறியாதவர்களின் கடிதங்களை உரியவரிடம் சேர்க்கத் தம் உயிரைப் பணயம் வைத்தார். 1935ஆம் ஆண்டு இறுதியில் அவருடைய விமானம் லிபியப் பாலைவனத்தில் விழுந்து நொறுங்கியது. அவரும் துணைவரும் தண்ணீரின்றித் தவித்து, சாகும் நிலையில் இருந்தனர். அவ்வழியே வந்த நாடோடி அராபியர் ஒருவர் நீர் கொடுத்துக் காப்பாற்றினார். பாலைவனத்தில் விழுந்த விமானி ஒருவர் சிறுவன் ஒருவனைச் சந்திக்கும் ‘குட்டி இளவரசன்’ கதையை இவர் 1943இல் வெளியிட்டார். அது தமிழிலும் வந்துள்ளது.

இரண்டாம் உலகப் போரில் தாய்நாடு பகைவர் கையில் வீழ்ந்தது. விமானிகளுக்குரிய வயது வரம்பைக் கடந்தும், உடலில் பழைய காயங்கள் வருத்தியும், அவர் விடாது வேண்டி மீண்டும் படையில் சேர்ந்தார். 1944 ஜூலை 31ஆம் நாள் காலை, கோர்சிக்காத் தீவிலிருந்து தன்னந்தனியாகப் புறப்பட்டார். பகைவர் நிலைகளைப் படம் எடுப்பதே அவர் பணி. அவ்விமானத்தில் துப்பாக்கி கிடையாது. மாலையாகியும் அவர் திரும்பவில்லை. அப்போது அவருக்கு வயது 44.

ஆண்டுகள் உருண்டோடின. 1998இல் மார்செய் நகருக்கு அருகே ஒரு மீனவரின் வலையில், அவர் பெயர் பொறித்த வெள்ளிக் கைச்சங்கிலி சிக்கியது. 2000இல் கடலடியில் விமானச் சிதைவுகள் காணப்பட்டன. 2004இல், ஒரு பாகத்திலிருந்த எண்ணைக் கொண்டு அது அவருடைய விமானமே என உறுதி செய்தனர். மீட்ட பாகங்களில் குண்டு துளைத்த அடையாளம் இல்லை. அது எவ்வாறு விழுந்தது என்பது இன்றும் விளங்காத புதிர்.

மகன் எங்கே வீழ்ந்தான் என்பதை அறியாமலே, தாய் மரி அம்மையார் 1972இல் கண்மூடினார். எத்தனையோ தாய்மாருக்குப் பிள்ளைகளின் கடிதங்களைச் சுமந்து சென்ற விமானி அவர். அவருடைய தாய்க்கோ செய்தி கொண்டுவர எவருமில்லை. இதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

அன்புத் தோழியரே! ஆபத்து என்று அறிந்தும் கடமையைக் கைவிடாத அவரைப் போல, நாமும் நமக்குரிய பணியை இறுதிவரை உண்மையுடன் செய்வோமாக!