பாவசங்கீர்த்தனம் கேட்க நடந்தவர்



தவக்காலம் வந்தால் திருப்பலி முடிவில் ஓர் அறிவிப்பு வாசிக்கிறோம்: சனிக்கிழமை மாலை 5 மணி முதல் ஒப்புரவு அருட்சாதனம். போடிப் பக்கத்தில் அந்த நேரத்துக்கு யாரால் வர முடியும்? ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் தாய்மார்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து போடிமெட்டுக்கு அப்பால் போய்விடுகிறார்கள். இறங்கி வரும்போது இருட்டிவிடும். ஒருமுறை மெட்டில் மூடுபனிக்குள் பேருந்துக்காக நின்றிருந்தேன். கொங்காணி போட்ட ஓர் அம்மா தயங்கித் தயங்கி அருகில் வந்து, பாவசங்கீர்த்தனம் செய்து பல வருடம் ஆகிவிட்டது சாமி என்றார். டீக்கடையின் பின்புறம் நின்றபடியே கேட்டேன். பேருந்து போய்விட்டது.

அன்று என் நினைவுக்கு வந்தவர், இதே போன்ற மழையும் அட்டையும் நிறைந்த கண்டி மலைகளில் நடந்த புனித யோசேப்பு வாஸ் அடிகளார்.

அவர் 1651 ஏப்ரல் 21 அன்று கோவாவின் பெனோலிம் ஊரில் பிறந்தவர். 1676-ல் குருவானார். போதகராகவும், பாவசங்கீர்த்தனம் கேட்பவராகவும் கோவாவில் பெயர் பெற்றார். அங்கேயே இருந்திருந்தால் மரியாதைக்குக் குறைவிருந்திருக்காது. ஆனால் இலங்கையிலிருந்து வந்த செய்தி அவரை உறங்கவிடவில்லை. யாழ்ப்பாணம் 1658-ல் டச்சுக்காரர் வசமானது. கத்தோலிக்கக் குருக்கள் விரட்டப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் தருவோருக்கு மரண தண்டனை என்று ஆணை பிறந்தது. ஏறத்தாழ 30 ஆண்டுகளாக அந்த மக்களுக்குத் திருப்பலி இல்லை, பாவமன்னிப்பு கூற ஒரு குரு இல்லை.

அந்த மக்களின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். சிலர் உறுதியாக நின்றார்கள். பலர் பயத்தினாலும், உத்தியோகத்துக்காகவும் டச்சுக்காரரின் ஆலயத்தில் தலைகாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒளித்து வைத்த செபமாலையை எடுத்தார்கள். விசுவாசத்தை மறுதலித்துவிட்டோமோ என்ற உறுத்தலை யாரிடம் இறக்கிவைப்பது? குரு கிடைக்காத நிலையில் உத்தம மனஸ்தாபமும், வாய்ப்பு வரும்போது பாவசங்கீர்த்தனம் செய்யும் உறுதியும் இருந்தால் இறைவன் மன்னிக்கிறார் என்பது திருச்சபையின் போதனை. குருமடத்தில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். ஆனால் மன்னிப்பை ஒரு மனிதக் குரலில் காதால் கேட்காத நெஞ்சு எவ்வளவு தவிக்கும் என்பதை, மெட்டில் நின்ற அந்த அம்மாவின் முகத்தில்தான் கண்டேன்.

வாஸ் அடிகளார் 1686-ல் யோவான் என்ற இளைஞருடன் கோவாவிலிருந்து புறப்பட்டார். தூத்துக்குடி வழியாக, கூலியாள் வேடத்தில் 1687-ல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். வந்ததும் கடும் வயிற்றுக்கடுப்பு. எழுந்து நடக்க முடிந்தபோது, கழுத்தில் செபமாலை தெரியும்படி வீடுவீடாகப் பிச்சை கேட்டார். யாருடைய கண் அந்தச் செபமாலையில் நிலைக்கிறது என்று கவனித்தார். கத்தோலிக்கரை அப்படித்தான் கண்டுபிடித்தார். பிறகு சில்லாலையில் தங்கினார். இருட்டியபின் ஒரு வீடு, இரவெல்லாம் பாவசங்கீர்த்தனம், விடியுமுன் திருப்பலி, வெளிச்சம் வருமுன் இடமாற்றம். 1689 கிறிஸ்து பிறப்பு இரவில் டச்சு வீரர்கள் சுற்றி வளைத்தபோது அவர் தப்பினார். ஆனால் பிடிபட்டவர்கள் கொடுமையாக அடிக்கப்பட்டார்கள். ஒருவர் அந்த அடியிலேயே உயிர்விட்டார். அந்தச் சுமையோடும் அவர் நடந்தார்.

1692-ல் கண்டிக்குப் போனதும் போர்த்துக்கீசிய ஒற்றர் என்று சிறைவைத்தார்கள். சிறையில் சிங்களம் கற்றார். ஒரு குடிசைக் கோவிலும் எழுப்பினார். கடும் வறட்சி வந்த 1696-ல் அவர் பீடம் அமைத்து வேண்டியபோது மழை பெய்தது என்றும், அதன்பின் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் அவருக்குச் சுதந்திரம் தந்தார் என்றும் வரலாறு கூறுகிறது. 1697-ல் அம்மை நோய் பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளைத் தேடிப்போய்க் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களை அடக்கமும் செய்தார்.

அவர் வரலாற்றில் என்னை அதிகம் தொடுவது இன்னொன்று. கோவாவிலிருந்து துணைக்குருக்கள் வந்து சேரும்வரை, ஏறக்குறைய 10 ஆண்டுகள் அவர் தனி ஆள். அடுத்தவர் பாவத்தை இரவிரவாகக் கேட்டவருக்கு, தம் பாவத்தைச் சொல்ல அருகில் ஒரு குரு இல்லை. மற்றவர்களுக்குக் கொண்டுபோன ஆறுதல் தமக்குக் கிடைக்காமலே காட்டில் படுத்து எழுந்தார். ஒரு மணி நேரப் பயணத்தில் ஆன்ம குரு இருந்தும், அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போடுகிற எனக்கு இது சங்கடமான செய்திதான்.

1711 சனவரி 16 அன்று கண்டியில் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். கல்லறை இருந்த இடம் பின்னாளில் அடையாளம் தெரியாமல் போயிற்று. 1995 சனவரி 21 அன்று கொழும்பில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு அருளாளர் பட்டமும், 2015 சனவரி 14 அன்று அதே நகரின் காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் பட்டமும் வழங்கினார்கள்.

சனவரி 16 அவருடைய திருநாள். பொங்கல் விடுமுறை, தோட்ட ஜீப்புகள் ஓடாது. அன்று காலை முதல் பந்தியில் வாசிப்பதற்கு வேறோர் அறிவிப்பு எழுதி வைத்திருக்கிறேன்: ஒப்புரவு அருட்சாதனம் காலையிலிருந்து இரவு வரை, எந்த நேரமும். வர முடியாதவர்கள் இடத்தைச் சொல்லியனுப்புங்கள், நான் வருகிறேன்.