எந்திரம் பயின்ற உழவர் மகன்

நூல்களைப் பயின்று அறிவு பெறுவோர் பலர். பொருள்களையே நூல்களாகக் கொண்டு பயின்று அறிவு பெறுவோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர், கொங்கு நாடு தந்த அறிஞர் ஜி. டி. நாயுடு ஆவார்.

துரைசாமி என்னும் இயற்பெயருடைய இவர், 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள், கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடியில் தோன்றினார். தந்தையார் பெயர் கோபால்சாமி. பள்ளிப் படிப்பு இவர் உள்ளத்தைக் கவரவில்லை. தொடக்க வகுப்புகளோடு அது நின்றுவிட்டது.

அந்நாளில் மோட்டார் வண்டி நம் நாட்டில் அரியதொரு காட்சி. சென்னையில், திருவல்லிக்கேணியை ஒட்டிச் செல்லும் மவுண்ட் சாலையிலிருந்த சிம்ப்சன் நிறுவனத்தில், சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-ஆம் ஆண்டில் நீராவியால் ஓடும் வண்டியொன்றைக் கட்டினார். எனினும் எந்திரக் கலை மேனாட்டார்க்கே உரியது என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றி இருந்தது.

ஒருநாள் தம் ஊர்ப்பக்கம் வந்த ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைத் துரைசாமி கண்டார். கண்டதும் அதன்மேல் தணியாத வேட்கை கொண்டார். கோவைக்குச் சென்று, உணவு விடுதியொன்றில் பணியாளாய் அமர்ந்தார். பெற்ற கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து அவ்வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி உலா வருவதோடு மனநிறைவு கொண்டாரல்லர். வண்டியை உறுப்பு உறுப்பாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். அதுவே அவர் பயின்ற கல்லூரி.

மாணவர்களே! எந்திரத்துள் எண்ணெய் எரிவதற்குக் காற்று வேண்டும். வெப்பமுற்ற காற்று விரியும். குளிர்ந்த காற்று செறிந்து நிற்கும். காற்றை அழுத்தினால் அது சூடேறும். ஆதலின் இக்காலத்து விரைவு வண்டிகளில், அழுத்தி ஊட்டப்பெறும் காற்றைக் குளிர்வித்து உள்ளே செலுத்தத் தனியுறுப்பு ஒன்றை அமைக்கின்றனர். இத்தகைய நுட்பங்களை ஏட்டில் படித்தால் மட்டும் போதாது. கழற்றியும் பூட்டியும் கையால் அறிதல் வேண்டும். நாயுடுவின் வாழ்க்கை புகட்டும் முதற்பாடம் இதுவேயாம்.

1920-ஆம் ஆண்டில் பேருந்து ஒன்றை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அவ்வொரு வண்டி, பின்னர் யு.எம்.எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937-ஆம் ஆண்டில் இவரும் பாலசுந்தரம் நாயுடுவும் கூடி, இந்தியாவிலேயே செய்யப்பெற்ற முதல் மின்மோட்டாரை உருவாக்கினர். மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி முதலியனவும் இவர் கைத்திறனைக் காட்டுவன.

தாம் பெற்ற அறிவு பிறர்க்கும் பயன்பட வேண்டும் என விழைந்த நாயுடு, கோவையில் ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் அமைந்த தொழிற்பயிற்சிக் கூடத்தின் முதல்வராய்ப் பணி ஏற்றார். நான்காண்டுப் படிப்பை இரண்டு ஆண்டுகளில் கற்பிக்க இயலும் என்பது அவர் கருத்து. அரசினர் அதனை ஏற்கவில்லை. அவரும் கொள்கையை விடாது பதவியை விட்டார்.

1952-ஆம் ஆண்டில் இருவர் செல்லத்தக்க சிறு கார் ஒன்றை, ஏறத்தாழ 2,000 ரூபாய் விலைக்குத் தரும்படி வடிவமைத்தார். நடுத்தரக் குடும்பத்தாரும் விரும்பி வாங்கத்தக்க வண்டி அது. ஆனால் அதனைப் பெருவாரியாகச் செய்ய அரசின் உரிமம் கிட்டவில்லை. அம்முயற்சி அவ்வளவில் நின்றது. ஆற்றல் உடையார்க்கும் ஆதரவு வாய்க்காவிடின், இழப்பு அவர்க்கு மட்டுமன்று, நாட்டுக்கும் ஆகும்.

இடையூறுகள் பல நேர்ந்தும் நாயுடுவின் ஊக்கம் குன்றவில்லை. பருத்தி, பப்பாளி முதலியவற்றின் விளைச்சலிலும் ஆராய்ச்சி செய்து, 1974-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள் மறைந்தார்.

பழுதடைந்த கடிகாரமோ மிதிவண்டியோ உங்கள் இல்லத்தில் இருப்பின், பெரியோர் இசைவு பெற்று, அதன் உறுப்புகளை உற்றுநோக்குங்கள். ஒவ்வோர் உறுப்பும் ஏன் அவ்வாறு அமைந்தது என வினவுங்கள். அவ்வினாவே அறிவின் வாயில் ஆகும்.