பட்டம் பெறாத பேராசிரியர் ஜோர்ஜ் பூல்

கற்றோர் தம் கல்வியைத் தாமே ஐயுறுதல் புதுவதன்று. ஆயினும் இக்காலத்துக் கணினித் தொழிலிலே அவ்வையம் ஒரு நோய்போலப் பரவியிருக்கின்றது. மென்பொருள் ஆக்கும் இளைஞர் பலர், தாம் எழுதிய செய்நிரல் பிழையின்றி இயங்கக் கண்டும், தம்மை அத்தொழிலுக்கு உரியோரென நம்புகின்றாரல்லர். ஏதோ நற்பேற்றினால் இவ்விடம் வந்து சேர்ந்தோம், இன்றோ நாளையோ நம் வெறுமை வெளிப்பட்டுவிடும் என உள்ளத்துள் அஞ்சுகின்றனர். 1978 ஆம் ஆண்டில் போலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவர், உயர்நிலை எய்திய பெண்களிடத்து இவ்வச்சத்தைக் கண்டு ஆராய்ந்து அதற்கு ஒரு பெயருமிட்டனர். போலியர் உணர்வு எனத் தமிழில் அதனை வழங்கலாம். தாய்மொழியிற் கற்றுப் பிறநாடு சென்று, பெரும் பல்கலைக்கழகங்களிற் பயின்றோர் நடுவே தொழில் புரியும் நம் பழைய மாணவரும் இதனை அறியாதவரல்லர். அவர்க்கும், அவர் சென்ற வழியிற் செல்லவிருக்கும் மாணவர்க்கும், கணினியின் அறிவுக்கு அடிகோலிய ஒருவரின் வரலாற்றை இம்மலரிற் கூறுதல் தகும்.

ஜோர்ஜ் பூல் 1815 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 2 ஆந் திகதி இங்கிலாந்து தேசத்து லிங்கன் நகரிலே பிறந்தார். தந்தையார் ஜோன் பூல் சப்பாத்துத் தைப்பவர். ஆனால் அவர் மனம் தொழிலிலும் பார்க்கக் கணிதத்திலும், தொலைநோக்கி முதலாய கருவிகளைச் செய்வதிலுமே சென்றது. ஆதலின் அவ்வீட்டில் அறிவு வளர்ந்தது, பொருள் வளரவில்லை. மைந்தர் தொடக்கப் பள்ளியோடு ஒரு சிறு வணிகக் கல்விச்சாலையிற் பயின்றதன்றி உயர்கல்வி எதனையும் பெற்றாரல்லர். இலத்தீன் மொழியை நகரத்துப் புத்தக வணிகர் ஒருவரிடங் கற்றார். கிரேக்க மொழியைத் தாமே கற்றார்.

பதினான்காம் வயதில் அவர் கிரேக்கக் கவிதையொன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, தந்தையார் பெருமகிழ்வோடு அதனை உள்ளூர்ச் செய்தித்தாளில் வெளியிடுவித்தார். அப்போது நிகழ்ந்தது கருதத்தக்கது. பள்ளியாசிரியர் ஒருவர், இத்துணை இளையவன் இதனைச் செய்திருத்தல் இயலாது என்று அதே தாளில் எழுதி, அச்சிறுவரின் நேர்மையை ஐயுற்றார். பின்னாளில் எத்தனையோ பேர் தம்மைத் தாமே போலியென எண்ணி வருந்த, பூலோ மீசை அரும்புமுன்னரே பிறரால் ஊரறியப் போலியெனப்பட்டார். அவர் அதனால் மொழிப்பயிற்சியைக் கைவிட்டாரல்லர். பிரெஞ்சு, ஜேர்மன், இத்தாலியன் ஆகிய மொழிகளையும் தொடர்ந்து கற்றார்.

தந்தையாரின் தொழில் நலிந்தமையால், 1831 ஆம் ஆண்டில், பதினாறு வயதினராகிய பூல் டொன்காஸ்ரர் என்னும் ஊரிலே துணையாசிரியராக அமர்ந்தார். பெற்றோரும் உடன்பிறந்தார் மூவரும் அவர் சம்பளத்தையே நம்பியிருந்தனர். 1834 இல் லிங்கன் நகருக்கு மீண்டு, பத்தொன்பதாம் வயதிலே தமக்கென ஒரு பள்ளியை நிறுவினார். பகல் முழுவதும் சிறுவர்க்குக் கற்பித்து, எஞ்சிய பொழுதிலே நியூற்றன், லாகிறாஞ்ச் முதலியோரின் பெருநூல்களைத் துணையின்றிப் பயின்றார். தொழிலாளர் கல்விக்காக அந்நகரில் எழுந்த கழகத்தின் நூல்நிலையம் அவருக்குப் பல்கலைக்கழகமாயிற்று. எனினும் ஆசானின்றிக் கற்றலைப் பூல் பெருமையாகக் கொள்ளவில்லை. தகுந்த ஆசிரியர் ஒருவர் வாய்த்திருப்பின் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் வீணாகாதிருந்திருக்கும் என்று பின்னாளில் அவர் இரங்கினார். ஆசிரியர் உடையராகிய மாணாக்கர் இதனை மனங்கொள்க.

கேம்பிறிட்ஜிலே கணித சஞ்சிகையொன்றை நடத்திய டங்கன் கிறெகரி என்னும் இளைஞருக்குப் பூல் தம் கட்டுரைகளை அனுப்பினார். கணிதத்தை அறிஞர் எழுதும் முறை பூலுக்குப் பழக்கமன்று. கிறெகரி குறைகளைச் சுட்டித் திருத்தங் கூற, அவற்றை ஏற்று மீள எழுதினார். கேம்பிறிட்ஜிற் சேர்ந்து பட்டம் பெறும் எண்ணமும் எழுந்தது. ஆனால் குடும்பத்தைக் காக்கும் வருவாயை விட்டுச் செல்லுதல் இயலாதாயிற்று. பட்டத்தை விடுத்தார், ஆராய்ச்சியை விடவில்லை. 1844 ஆம் ஆண்டில் அவர் எழுதிய நீண்ட கட்டுரையை இலண்டன் றோயல் சொசைற்றி வெளியிட்டு, அதன்பொருட்டுப் பொற்பதக்கமும் வழங்கியது. உள்ளூர்ப் பள்ளியாசிரியராகிய அவர்க்கு அப்போது வயது இருபத்தொன்பது.

அயர்லாந்திலே புதியனவாக நிறுவப்படவிருந்த அரசியார் கல்லூரிகளுக்குப் பேராசிரியர் வேண்டப்பட்டனர். 1846 இல் பூல் விண்ணப்பித்தார். அவ்விண்ணப்பத்திலே தாம் எந்தப் பல்கலைக்கழகத்தையுஞ் சார்ந்தவரல்லர் என்பதை ஒளியாது எழுதினார். தம்மிடம் இல்லாததை இல்லையெனக் கூறி, உள்ளதைச் சான்றோடு முன்வைத்தார். டி மோர்கன், கேலி, வில்லியம் தொம்சன் முதலிய பேரறிஞர் அவருக்குச் சான்றுரை வழங்கினர். முடிவு வரச் சில ஆண்டுகள் சென்றன. 1849 ஆம் ஆண்டிலே கோர்க் நகரத்துக் கல்லூரியின் முதலாவது கணிதப் பேராசிரியராக அவர் நியமிக்கப்பட்டார். தந்தையார் முந்திய ஆண்டின் இறுதியிற் காலமாகிவிட்டமையால் அச்சிறப்பைக் காண அவர்க்கு வாய்க்கவில்லை.

பூலின் புகழுக்குத் தலையாய காரணம் அளவையியலை அவர் அட்சரகணிதமாக்கியதே. 1847 இல் அதுபற்றிச் சிறுநூலொன்றும், 1854 இல் சிந்தனையின் விதிகளை ஆராயும் பெருநூலொன்றும் வெளியிட்டார். அதன் உட்கருத்தை மாணவரும் எளிதில் அறியலாம். வெண்பொருள்கள் யாவற்றையும் ஓர் எழுத்தாலும், பசுக்கள் யாவற்றையும் வேறோர் எழுத்தாலுங் குறிப்போம். இரண்டையும் பெருக்கின் வெண்பசுக்கள் வரும். வெண்பொருள்களின் எழுத்தை அதே எழுத்தாற் பெருக்கினால் வருவது யாது? வெண்பொருள்களுள் வெள்ளையானவை மீளவும் அவ்வெண்பொருள்களே. ஆகவே இக்கணிதத்தில் ஒன்றை அதனாலேயே பெருக்கின் அதுவே எஞ்சும். எண்களுள் இவ்விதிக்கு அமைவன 0, 1 என்னும் இரண்டு மாத்திரமே. எல்லாப் பொருளையுங் கொண்ட தொகுதியை 1 என்றும், ஒன்றுமின்மையை 0 என்றும் பூல் கொண்டார். இவ்விரண்டினையும் வைத்துக்கொண்டு, வாதங்களின் மெய்ம்மையைக் கணக்குப்போலச் செய்து காணும் முறையை வகுத்தார்.

இக்கணிதத்தின் தொழிற்பயன் அவர் காலத்தில் விளங்கவில்லை. 1937 ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில், குளோட் சனன் என்னும் இருபத்தொரு வயது மாணவர் முதுமாணிப் பட்டத்துக்கு ஆய்வொன்று எழுதினார். மின் ஆளி திறந்திருத்தலும் மூடியிருத்தலுமாகிய இரு நிலைகளும் பூலின் 0, 1 என்பவற்றோடு பொருந்துதலை அதில் அவர் காட்டினார். இன்றைய கணினிகளின் தருக்கப் படலைகள் யாவும் அவ்வழி வந்தவையே. உண்மை, பொய் என்னும் இருமதிப்புத் தரவைச் செய்நிரல் மொழிகள் பலவும் பூலியன் என்றே வழங்குகின்றன. தம் தகுதியை ஐயுற்றுக் கலங்கும் இளைஞர், பட்டமில்லாத ஒருவரின் பெயரை நாடோறும் தம் கையாலேயே எழுதுகின்றனர்!

கோர்க் நகரிலும் பூல் கற்பித்தலைச் சிறுதொழிலாகக் கருதவில்லை. மாணவர்க்கென 1859 இல் வகையீட்டுச் சமன்பாடுகள் பற்றியும், அடுத்த ஆண்டில் முடிவுள்ள வேற்றுமைகள் பற்றியும் பாடநூல்கள் எழுதினார். 1855 இல் மேரி எவறெஸ்ற் அம்மையாரை மணந்தார். இமயத்தின் மிகவுயர்ந்த சிகரம் எவருடைய பெயரைத் தாங்கி நிற்கின்றதோ, அந்த ஜோர்ஜ் எவறெஸ்றின் உடன்பிறந்தார் மகளே இவ்வம்மையார். 1857 இல் றோயல் சொசைற்றி பூலைத் தன் உறுப்பினராக்கியது. 1864 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒருநாள், வீட்டினின்றும் ஏறக்குறைய மூன்று மைல் தூரம் பெருமழையில் நடந்து கல்லூரி சென்று, நனைந்த உடையோடே விரிவுரை நிகழ்த்தினார். அதனால் வந்த நோய் நுரையீரலைப் பற்றியது. டிசம்பர் 8 ஆந் திகதி, நாற்பத்தொன்பதாம் வயதிலே, மனைவியாரையும் பெண்மக்கள் ஐவரையும் விட்டு உலக வாழ்வை நீத்தார். மக்களுள் இளையவர் அன்று கைக்குழந்தை.

இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கது யாது? பட்டம் வேண்டா என்பதன்று. அதனைப் பெற இயலாமை பூலுக்கே பெருங்குறையாயிருந்தது. போலி என்பவர் தம்மிடம் இல்லாததை உண்டெனக் காட்டுபவர். இல்லாததை இல்லையென்று வெளிப்படச் சொல்லி, தம் செய்கையை அறிந்தோர் முன் வைத்து, குறை காட்டியவிடத்துத் திருத்திக்கொள்பவர் எவ்வாறு போலியாவர்? குறையை மறைப்போர்க்கே அது வெளிப்படுமென்ற அச்சம் உண்டு. தாமே உரைத்தோர்க்கு வெளிப்பட மற்றொன்று இல்லை.

நம் கல்லூரியினின்றும் கணினித் துறை புகும் மாணாக்கரே, அறியாததை அறியேன் எனக் கூற நாணாதீர். நீவிர் எழுதிய செய்நிரலை வல்லோர் காணக் கொடுங்கள். அவர் காட்டும் பிழையை உங்கள்மேல் வந்த பழியாகக் கொள்ளாது, கிறெகரியின் திருத்தத்தைப் பூல் கொண்டவாறு கொள்ளுங்கள். பழைய மாணவர்களே, இளையோர் ஒருவரின் ஆக்கம் வயதுக்கு மிஞ்சியதாகத் தோன்றினால் லிங்கன் நகரத்துப் பள்ளியாசிரியர்போல ஐயுறாது, கிறெகரிபோலக் கைகொடுங்கள். யூபிலி காணும் நம் வித்தியாசாலைக்கு நீவிர் செய்யும் கைம்மாறுகளுள் அதுவும் ஒன்றாகும்.