ஒரு தாயார் கற்றுக்கொண்ட பாடம்

வீட்டிலே ஒரு பிள்ளை மற்றப் பிள்ளைகளைப்போல் படிக்கவில்லை என்றால் பெற்றோர் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர் பெர்ல் பக் அம்மையாரும் இந்தப் பாதையில் நடந்தவர்களே.

1892-ம் வருஷம் அமெரிக்காவிலே பிறந்த அவர்களை, மிஷனெரிகளான பெற்றோர் கைக்குழந்தையாகவே சீனாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே வளர்ந்து, விவசாய மிஷனெரி ஒருவரை மணந்தார்கள். 1920-ல் கேரல் என்ற மகள் பிறந்தாள். பார்க்க அழகான பிள்ளை. ஆனால் மூணு வயதாகியும் பேச்சு வரவில்லை. போகப்போகச் சரியாப்போகும் என்று தெரிந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். தாய் மனசு கேட்குமா? 1924-ல் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து, மேயோ மருத்துவமனை வரைக்கும் அலைந்தார்கள். அங்கே பெரிய டாக்டர் நம்பிக்கையாகவே பேசினார். வெளியே வரும்போது இன்னொரு டாக்டர் தனியாய் நிறுத்தி, இந்தப் பிள்ளை ஒருபோதும் சரியாகாது என்று உள்ளதை உடைத்துச் சொல்லிவிட்டார். நெஞ்சு வெடித்ததுபோல் இருந்தாலும், வீண் அலைச்சலை நிறுத்திய அந்த மனுஷனுக்கு அம்மையார் பிற்பாடு நன்றியுள்ளவர்களாயிருந்தார்கள்.

சீனாவுக்குத் திரும்பி, தாமே உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளை சின்னச் சின்ன வாக்கியங்களை வாசிக்கவும், கஷ்டப்பட்டுத் தன் பெயரை எழுதவும் கற்றுக்கொண்டாள். ஒருநாள் எழுதுவிக்க அவள் கையைப் பிடித்தபோது, உள்ளங்கை வியர்வையால் நனைந்திருந்தது. மற்றக் கையும் அப்படியே. ஒன்றும் விளங்காமலே, அம்மாவைப் பிரியப்படுத்தத்தான் பிள்ளை இத்தனை பாடுபடுகிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. புஸ்தகங்களை எடுத்து வைத்துவிட்டார்கள். அன்றுமுதல் பிள்ளையின் சந்தோஷத்தையே தேடினார்கள்.

அடுத்த கவலை, தனக்குப்பின் இவளை யார் பார்ப்பார் என்பதே. 1929-ல், ஒன்பது வயதான கேரலை நியூஜெர்சியிலுள்ள வைன்லாண்ட் பயிற்சிப் பள்ளியில் சேர்த்தார்கள். பிள்ளைகளை முதலாவது சந்தோஷமாய் வைத்திருப்பது அந்தப் பள்ளியின் கொள்கை. பிரிவு தாயை உருக்கிற்று. செலவும் பெரிது. 1931-ல் வெளிவந்த தி குட் எர்த் நாவல் அந்தப் பணப்பாரத்தை நீக்கியது. 1938-ல் நோபல் பரிசும் வந்தது. ஆனாலும் மகளைப்பற்றி வெளியே பேசாதிருந்த அம்மையார், 1950-ல்தான் முழுக்கதையையும் எழுதினார்கள்.

கேரலுக்கு இருந்தது பீனைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் கோளாறு என்று பிற்காலத்தில் தெரிந்தது. புரதத்திலுள்ள ஒரு பொருளை உடம்பு மாற்ற முடியாமல், அது சேர்ந்து மூளையைக் கெடுக்கும். நார்வே தேசத்து டாக்டர் ஃபோலிங் 1934-ல்தான் இதைக் கண்டுபிடித்தார். இப்போது அநேக தேசங்களில் பிறந்த சில நாளிலேயே குதிகாலில் இரத்தம் எடுத்துப் பார்த்து, ஆகாரக் கட்டுப்பாட்டினால் மூளையைக் காக்கிறார்கள்.

அம்மையார் 1973-ல் மரித்தார்கள். கேரல் 1992 மட்டும், 72 வயதுவரை வாழ்ந்தாள். தாய் இல்லாத அந்த 19 வருஷத்துக்கும் தாய் முன்னமே வழி பண்ணியிருந்தார்கள்.

பெற்றோரே, மார்க்கைப் பார்க்குமுன் பிள்ளையின் கையைத் தொட்டுப் பாருங்கள். சபையாரே, அப்படிப்பட்ட பிள்ளை ஆராதனையிலே சத்தம் போட்டால் திரும்பி முறைக்காதிருங்கள். அந்தத் தாய்க்குப் பக்கத்திலே இடங்கொடுங்கள்.