கொரியப் போர்க்கைதிகளுக்கு வழி கண்டவர், இமயத்தில் பதவி இழந்தவர்: வி.கே. கிருஷ்ண மேனனின் வாழ்க்கைப் பயணம்

புதுதில்லி: 1952 டிசம்பர் 3 அன்று நியூயார்க்கில் கூடிய ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, இந்தியா கொண்டுவந்த தீர்மானம் ஒன்றை 54 வாக்குகள் ஆதரவாகவும் 5 வாக்குகள் எதிராகவும் பதிவான நிலையில் ஏற்றுக்கொண்டது. எதிர்த்த ஐந்தும் சோவியத் ஒன்றியமும் அதன் அணி நாடுகளும் ஆகும். தொடக்கத்தில் அமெரிக்காவும் அத்தீர்மானத்தை விரும்பவில்லை. இரு வல்லரசுகளின் சந்தேகத்துக்கும் ஒருசேர ஆளான அந்த வரைவை எழுதி, வாரக்கணக்கில் தூதர்களின் அறைகளுக்கு ஏறி இறங்கி, சொல் சொல்லாகத் திருத்தி நிறைவேற்றியவர் வி.கே. கிருஷ்ண மேனன். பத்தாண்டுகள் கழித்து, இமயமலைப் போரின் தோல்விக்குப் பொறுப்பாக்கப்பட்டு அமைச்சரவையிலிருந்து வெளியேறியவரும் அவரே.

வெங்கலில் கிருஷ்ணன் கிருஷ்ண மேனன் 1896 மே 3 அன்று கோழிக்கோட்டில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். சென்னை மாநிலக் கல்லூரியிலும் பின்னர் சென்னை சட்டக் கல்லூரியிலும் பயின்ற காலத்தில், அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் அன்னி பெசன்ட் அம்மையாரின் தன்னாட்சி இயக்கத்தில் ஈர்க்கப்பட்டார். 1924-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். சில மாதங்கள் தங்கிப் படிக்கலாம் என்று சென்றவரின் வாசம் ஏறத்தாழ 28 ஆண்டுகள் நீண்டது.

லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் பேராசிரியர் ஹெரால்டு லாஸ்கியின் மாணவராக அவர் அமர்ந்திருந்த ஆண்டுகளை அடுத்தே 1929-இன் பொருளாதாரச் சரிவு வந்தது. நியூயார்க் பங்குச் சந்தையில் தொடங்கிய வீழ்ச்சி லங்காஷயர் நெசவாலைகளின் கதவுகளையும் அடைத்தது. 1931-இல் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டது. தொழிற்கட்சி அரசு கவிழ்ந்தது. இந்தியாவில் விளைபொருள் விலை பாதியாகச் சரிந்தபோதும் நிலவரி குறையாததால், உழவர் குடும்பங்கள் நகைகளை விற்று வரி கட்டின. வேலையிழந்த ஆங்கிலேயத் தொழிலாளிக்கும் கடனில் மூழ்கிய இந்திய விவசாயிக்கும் பகை ஒன்றே என்ற வாதத்தை மேனன் அக்காலத்தில்தான் கையில் எடுத்தார். பிற்காலத்தில் அவர் பேசிய எல்லாவற்றுக்கும் அடித்தளம் அதுவே எனலாம்.

பெசன்ட் அம்மையாரின் வழியில் டொமினியன் தகுதி கோரி வந்த சிறு அமைப்பு ஒன்றின் செயலாளரானார் மேனன். அதை 'இந்தியா லீக்' என்று மாற்றி, முழு விடுதலையை அதன் கோரிக்கையாக்கினார். 1932-இல் அந்த அமைப்பின் சார்பில் எலன் வில்கின்சன், மோனிகா வாட்லி, லியோனார்டு மேட்டர்ஸ் ஆகியோருடன் இந்தியா வந்து, ஏறத்தாழ மூன்று மாதங்கள் மாகாணந்தோறும் சுற்றி, காவல்துறை ஒடுக்குமுறையையும் கிராம வறுமையையும் பதிவு செய்தார். தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரசல் முன்னுரையுடன் வெளியான அந்த அறிக்கையை இந்தியாவில் அன்றைய அரசு தடை செய்தது.

1934-இல் லண்டனின் செயின்ட் பாங்க்ராஸ் நகர்மன்றத்துக்குத் தொழிற்கட்சி உறுப்பினராகத் தேர்வானார். 1947 வரை அப்பொறுப்பில் இருந்தார். மந்தநிலைக் காலத்தில் வேலையற்றோர் கூடும் இடமாக நூலகங்கள் மாறியிருந்தன. அவற்றை வளர்ப்பதில் மேனன் காட்டிய முனைப்பை அப்பகுதி மக்கள் நெடுங்காலம் மறக்கவில்லை. பெங்குவின் நிறுவனம் ஆறு பென்னி விலையில் அறிவு நூல்களை வெளியிட 1937-இல் பெலிகன் வரிசையைத் தொடங்கியபோது, அதன் பதிப்பாசிரியர்களில் ஒருவராக மேனன் இருந்தார். வருமானம் சொற்பம், தேநீரும் ரொட்டியுமே பெரும்பாலும் உணவு. அந்தப் பழக்கம் அமைச்சரான பின்னும் மாறவில்லை.

ஜவஹர்லால் நேருவுடனான நட்பு 1935-இல் லண்டனில் வலுப்பெற்றது. அடுத்த ஆண்டு வெளியான நேருவின் தன்வரலாற்று நூலைப் பதிப்பகத்தாரிடம் சேர்த்தவர் மேனனே. 1938-இல் இருவரும் உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த ஸ்பெயினுக்குச் சென்றனர். குண்டுவீச்சுக்கு ஆளான பார்சிலோனாவில் குடியரசுத் தரப்பினரைச் சந்தித்துத் திரும்பிய அந்தப் பயணம், பாசிச எதிர்ப்பையும் இந்திய விடுதலையையும் ஒரே கேள்வியாகக் காணும் நோக்கை இருவரிடத்திலும் உறுதிப்படுத்தியது. போர்க்காலத்தில் லண்டன் மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு பொழிந்தபோது, மேனன் தம் பகுதியில் வான்தாக்குதல் காவலராகப் பணிபுரிந்தார்.

விடுதலைக்குப் பின் லண்டனில் இந்தியாவின் முதல் தூதரானார். குடியரசாகும் இந்தியா காமன்வெல்த் அமைப்பில் நீடிக்க வழிவகுத்த 1949 ஏப்ரல் உடன்பாட்டில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அதே பதவிக்காலத்தில்தான் ஜீப் கொள்முதல் சர்ச்சையும் எழுந்தது. காஷ்மீர் போருக்காக 1948-இல் பழைய ஜீப்புகள் வாங்க வெளிநாட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தமாகி, வந்து சேர்ந்த 155 வண்டிகளும் பயன்படுத்த இயலாதவை எனக் கண்டறியப்பட்டது. தனிப்பட்ட ஆதாயம் எதுவும் அவர்மீது நிறுவப்படவில்லை; அரசு 1955-இல் விவகாரத்தை முடித்துக்கொண்டது. எனினும் விதிமுறைகளைத் தாண்டிச் செல்பவர் என்ற பெயர் அவரை விட்டு அகலவில்லை.

கைதிகளின் கேள்வி

கொரியப் போர் 1950 ஜூன் 25 அன்று தொடங்கியது. ஓராண்டுக்குள் இரு தரப்பும் ஏறத்தாழ தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றன. 1951 ஜூலையில் போர்நிறுத்தப் பேச்சு ஆரம்பமாயிற்று. எல்லைக்கோடு உள்ளிட்ட பெரும்பாலானவற்றில் இணக்கம் ஏற்பட்ட பின்னும் பேச்சு ஒரே இடத்தில் தடைபட்டது. அது போர்க்கைதிகள் பிரச்சினை.

எல்லாக் கைதிகளையும் அவரவர் நாட்டுக்குத் திருப்பியனுப்ப வேண்டும் என்று ஜெனிவா ஒப்பந்தத்தைச் சுட்டிக் கோரின சீனாவும் வடகொரியாவும். திரும்ப விரும்பாதவரைக் கட்டாயப்படுத்த மாட்டோம் என்றது அமெரிக்கா. இரு நிலைப்பாட்டிலும் நியாயம் இருந்தது. இரண்டிலும் பிரசார நோக்கமும் இருந்தது. இந்த ஒற்றைக் கேள்வி தீராமல் கிடந்த ஓராண்டுக்கு மேலான காலத்தில் முன்னணியில் வீரர்கள் மடிந்துகொண்டே இருந்தனர்.

மேனனின் வரைவு அந்த முடிச்சை அவிழ்க்க முயன்றது. கைதிகள் நடுநிலை நாடுகளின் ஆணையம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்; திரும்பச் செல்ல வைப்பதற்கோ தடுப்பதற்கோ எவர்மீதும் பலப்பிரயோகம் கூடாது; அவரவர் நாட்டுப் பிரதிநிதிகள் கைதிகளைச் சந்தித்து விளக்கம் தர வாய்ப்பளிக்கப்பட வேண்டும்; குறிப்பிட்ட நாட்களுக்குப் பின்னும் திரும்ப மறுப்போரின் நிலையை அரசியல் மாநாடு ஆராய வேண்டும் என்பன அதன் சாரம். எந்தத் தரப்பும் தோற்றதாகத் தோன்றாமல் பின்வாங்க அது இடமளித்தது. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் அச்சிசன் ஐயுற்றார். பிரிட்டனின் அந்தோணி ஈடனும் கனடாவின் லெஸ்டர் பியர்சனும் துணை நின்றனர். சோவியத் பிரதிநிதி விஷின்ஸ்கி சபையில் கடுமையாகச் சாடிய பிறகே அமெரிக்கா முழுமையாக ஆதரவுப் பக்கம் சாய்ந்தது என்பது இதில் ஒரு வேடிக்கை.

தீர்மானத்தைச் சீனா நிராகரித்தது. மேனனின் முயற்சி வீணாயிற்று என்றே பலரும் எழுதினர். ஆனால் 1953 மார்ச் 5 அன்று ஸ்டாலின் மறைந்தார். அம்மாத இறுதியில் சீனப் பிரதமர் சூ என்லாய் தம் நிலைப்பாட்டைத் தளர்த்தினார். ஜூலை 27 அன்று கையெழுத்தான போர்நிறுத்த உடன்பாட்டின் கைதிகள் பகுதியில் இந்திய வரைவின் கட்டமைப்பே பெரிதும் இடம்பெற்றது. நடுநிலை நாடுகள் ஆணையத்தின் தலைமையும் இந்தியாவிடமே வந்தது.

ஆணையத்துக்கு லெப்டினன்ட் ஜெனரல் கே.எஸ். திம்மய்யா தலைமை வகித்தார். மேஜர் ஜெனரல் எஸ்.பி.பி. தோரட் தலைமையில் இந்தியக் காவல்படை கொரியா சென்றது. இந்திய வீரர் எவரும் தம் மண்ணில் கால்வைக்கக் கூடாது என்று தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ பிடிவாதம் பிடித்ததால், அவர்கள் ஹெலிகாப்டர்களில் நேரே படைவிலக்கப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். முகாமுக்கு 'ஹிந்த் நகர்' என்று பெயரிட்டனர். திரும்ப மறுத்த 22,000-க்கும் மேற்பட்ட கைதிகள் அங்கே அவர்கள் பொறுப்பில் இருந்தனர். ஒருமுறை இந்திய அதிகாரி ஒருவரைக் கைதிகள் உள்ளே பிடித்துவைத்தபோது, தோரட் தாமே உள்ளே சென்று பேசி மீட்டார்.

முடிவில் சீனக் கைதிகளில் ஏறத்தாழ 14,000 பேர் தைவானுக்குச் சென்றனர். மறுபுறம் 21 அமெரிக்கர்களும் ஒரு பிரிட்டானியரும் தாயகம் திரும்ப மறுத்தனர். எந்தப் பக்கமும் செல்ல விரும்பாத 80-க்கும் மேற்பட்டோர் இந்தியப் படையுடனேயே கப்பலேறி இந்தியாவுக்கு வந்தனர். மேனனுக்கு 1954-இல் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது.

அதே ஆண்டு இந்தோசீனா குறித்த ஜெனிவா மாநாட்டுக்கு இந்தியா அழைக்கப்படவில்லை. ஆயினும் மேனன் அங்கே சென்று ஈடன், மொலோடோவ், சூ என்லாய் ஆகியோரை மாறி மாறிச் சந்தித்தார். வியட்நாம், லாவோஸ், கம்போடியா கண்காணிப்பு ஆணையங்களின் தலைமை இந்தியாவுக்குக் கிட்டியது.

இரட்டை அளவுகோல் என்ற குற்றச்சாட்டு

1956-இல் சூயஸ் கால்வாயை எகிப்து அதிபர் நாசர் நாட்டுடைமையாக்கியபோது, லண்டன் மாநாட்டில் சமரசத் திட்டம் ஒன்றை மேனன் முன்வைத்தார். அது ஏற்கப்படவில்லை. பின்னர் இஸ்ரேல், பிரிட்டன், பிரான்ஸ் படையெடுத்தபோது இந்தியா உரத்த குரலில் கண்டித்தது. அதே நாட்களில் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் நுழைந்தன. நவம்பர் 9 அன்று, ஹங்கேரியில் ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் கோரிய தீர்மானத்துக்கு எதிராக மேனன் வாக்களித்தார். கம்யூனிச அணிக்கு வெளியே அவ்வாறு வாக்களித்த நாடு இந்தியா மட்டுமே. ஜெயப்பிரகாஷ் நாராயண் உள்ளிட்டோர் உள்நாட்டிலேயே கடுமையாகக் கண்டித்தனர். காஷ்மீருக்கு வெளியார் மேற்பார்வை வாக்கெடுப்பு முன்னுதாரணமாகிவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம் என்று மேனன் தரப்பில் விளக்கப்பட்டது. கொரியாவில் இரு தரப்பின் நம்பிக்கையையும் பெற்ற மனிதரின் நடுநிலைக்கு, அந்த ஒரு வாக்கு ஏற்படுத்திய சேதம் எளிதில் ஆறவில்லை.

1957 ஜனவரி 23, 24 தேதிகளில் பாதுகாப்பு மன்றத்தில் காஷ்மீர் குறித்து ஏறத்தாழ எட்டு மணி நேரம் உரையாற்றி மயங்கி விழுந்தார். நாடு திரும்பியபோது மக்கள் வீரராக வரவேற்றனர். அவ்வாண்டே வடக்கு பம்பாய் தொகுதியில் வென்று பாதுகாப்பு அமைச்சரானார்.

அமைச்சராக அவர் செய்தவற்றில் நிலைத்தது உள்நாட்டு ஆயுத உற்பத்தி. 1958-இல் பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு அமைப்பு உருவானது. ஜபல்பூரில் சக்திமான் லாரிகள் தயாராயின. சென்னையை அடுத்த ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது; பின்னாளில் விஜயந்தா டாங்குகள் உருண்டு வந்தது அங்கிருந்துதான். ஆனால் பலன் தர ஆண்டுகள் பிடிக்கும் திட்டங்கள் அவை. அந்நியச் செலாவணி நெருக்கடியில் நிதியமைச்சகம் பணத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. மேனனோ முதன்மை அச்சுறுத்தல் பாகிஸ்தானிடமிருந்தே வரும் என்று கருதினார்.

தளபதிகளுடனான உறவு மேலும் மோசமாக இருந்தது. கொரியாவில் அவரது வரைவுக்கு உயிர் கொடுத்த திம்மய்யாதான் இப்போது தரைப்படைத் தளபதி. பதவி உயர்வு விவகாரங்களிலும் அமைச்சரின் நடைமுறையிலும் மனம் வெதும்பி, 1959 ஆகஸ்ட் 31 அன்று அவர் ராஜினாமா கடிதம் அளித்தார். நேரு தலையிட்டுத் திரும்பப் பெறச் செய்தார். வெளிநாட்டுத் தூதர்களிடம் மாதக்கணக்கில் பொறுமை காத்தவர், தம் அலுவலகத்துக்கு வந்த தளபதிகளிடம் அதில் சிறு பங்கையும் காட்டவில்லை.

1961 டிசம்பரில் கோவா விடுவிக்கப்பட்டபோது அவர் புகழ் உச்சத்தை எட்டியது. 1962 தேர்தலில் வடக்கு பம்பாயில் ஆச்சாரிய கிருபளானியை ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் வென்றார். எட்டு மாதங்களில் எல்லாம் தலைகீழானது. அக்டோபர் 20 அன்று சீனப் படைகள் லடாக்கிலும் வடகிழக்கு எல்லையிலும் ஒரே நேரத்தில் தாக்கின. கியூபா ஏவுகணை நெருக்கடியில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் மூச்சைப் பிடித்து நின்ற வாரம் அது. இரு வல்லரசுகளுக்கும் இடையே பாலம் கட்டிய அமைச்சரின் நாட்டுக்கு உதவ, அந்த நாட்களில் மாஸ்கோவுக்கு மனமில்லை. பனிக்கு ஏற்ற உடையும் போதிய வெடிமருந்தும் இன்றி இந்திய வீரர்கள் உயரமான மலைகளில் போரிட்டனர்.

காங்கிரஸ் உறுப்பினர்களே மேனனை நீக்கக் கோரினர். அக்டோபர் இறுதியில் பாதுகாப்புத் துறை அவரிடமிருந்து எடுக்கப்பட்டு, உற்பத்திப் பிரிவு மட்டும் அளிக்கப்பட்டது. அதுவும் நிற்கவில்லை. நவம்பர் 7 அன்று அமைச்சரவையிலிருந்தே விலகினார். அவர் காலமெல்லாம் ஐயத்துடன் நோக்கிய அமெரிக்காவின் ஆயுதங்கள் அப்போது இந்தியாவுக்கு வந்திறங்கிக்கொண்டிருந்தன. ஏறத்தாழ 4,000 இந்திய வீரர்கள் சீனாவிடம் போர்க்கைதிகளாயினர்; அவர்கள் அடுத்த ஆண்டு திரும்பினர்.

தோல்வி முழுவதையும் மேனன் ஒருவர் தலையில் சுமத்துவது எளிது. எல்லைக் கொள்கையை வகுத்தவர் நேரு; மலைமுகடுகளில் சிறு காவல்நிலைகளை அமைக்கும் முடிவுக்கு உளவுத் துறையும் படைத் தலைமையும் உடன்பட்டிருந்தன. தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இதுவரை அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை; அதன் ஒரு பகுதி 2014-இல் இணையத்தில் வெளியானது.

1967-இல் காங்கிரஸ் வாய்ப்பு மறுத்ததால் பம்பாயில் சுயேச்சையாக நின்று தோற்றார். அதே தொகுதி இடைத்தேர்தலிலும் தோற்றார். 1969-இல் மேற்கு வங்கத்தின் மிதுனாப்பூர் அவரை மக்களவைக்கு அனுப்பியது. உச்ச நீதிமன்றத்தில் மீண்டும் வழக்கறிஞர் அங்கி அணிந்து, நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடுக்காக வாதாடினார். 1971-இல் திருவனந்தபுரம் அவரைச் சுயேச்சையாகத் தேர்ந்தெடுத்தது. 1974 அக்டோபர் 6 அன்று தில்லியில் மறைந்தபோதும் அவர் அத்தொகுதியின் உறுப்பினராகவே இருந்தார்.