கல்கத்தா கப்பலில் பிறந்த ரிவால்வர்

தீபாவளி வந்தால் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி கடைகளில் பொம்மைத் துப்பாக்கி வியாபாரம் அமர்க்களப்படும். சில பொம்மைகளில் நடுவே ஓர் உருளை சுற்றும். அந்த உருளைக்குப் பின்னால் ஒரு மனிதரின் கதை இருக்கிறது.

அவர் பெயர் சாமுவேல் கோல்ட். அமெரிக்கர். 1814-ம் ஆண்டு ஹார்ட்போர்டு நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். படிப்பைவிட வெடிமருந்தின் மீதுதான் பையனுக்கு ஆசை. 1830-ல், 16 வயதில், தந்தை அவரைக் கப்பல் வேலைக்கு அனுப்பிவிட்டார். கப்பலின் பெயர் கோர்வோ. அது போய்ச் சேர்ந்த ஊர் எது தெரியுமா? நம் நாட்டுக் கல்கத்தா!

அந்தப் பயணத்தில்தான் அவர் மரத்தைச் செதுக்கித் தன் ரிவால்வரின் மாதிரியைச் செய்தார். கப்பலின் சக்கரம் சுழன்று நிற்பதைப் பார்த்து யோசனை பிறந்ததாகச் சொல்வார்கள்.

சிரிப்பு வாயு காட்டிய 'டாக்டர்'

ஊர் திரும்பியவரிடம் பணம் இல்லை. ஊர் ஊராகப் போய், சிரிப்பு மூட்டும் வாயுவை மக்களுக்குக் கொடுத்து வேடிக்கை காட்டினார். பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டமும் போட்டுக்கொண்டார்! அந்தக் காசு துப்பாக்கிச் சோதனைக்குப் போயிற்று. 1836-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

அப்படி என்ன புதுமை? துப்பாக்கியின் பின்புறம் சுத்தி போல ஒரு பாகம் உண்டு. தமிழில் அதைக் குதிரை என்பார்கள். (கோல்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் குதிரைக் குட்டி என்றே பொருள்!) கட்டை விரலால் குதிரையைப் பின்னால் இழுத்தால் உருளை ஓர் அறை அளவு சுழன்று, குழலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்ளும். விசையை அழுத்தினால் வெடிக்கும். அடுத்த குண்டுக்கு மறுபடி இழுக்க வேண்டும்.

ஆனால் வாங்க ஆள் இல்லை. 1842-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. 1847-ல் வாக்கர் என்ற ராணுவ கேப்டன் மூலம் 1,000 ரிவால்வருக்கு ஆர்டர் வந்தது. சொந்தத் தொழிற்சாலை இல்லாததால் வேறொருவர் பட்டறையில் செய்து கொடுத்தார். பிறகு ஏறுமுகம்தான். 1855-ல் ஹார்ட்போர்டில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. ஒரே அளவில் பாகங்களை எந்திரத்தில் வெட்டினார்கள். அதன் அருமை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

உள்நாட்டுப் போர் மூளும் வரை வடக்கு, தெற்கு என்று பாராமல் இரு தரப்புக்கும் விற்றார். அந்தப் பழி அவருக்கு உண்டு. அது நியாயமான பழிதான். 1862-ல், 47 வயதில் காலமானார்.

அவர் பார்க்காத துப்பாக்கி

சினிமா கௌபாய்கள் இடுப்பில் தொங்குவது அவர் கம்பெனி 1873-ல் செய்த ரிவால்வர். அதை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை!

1959-ல் இத்தாலியில் ஆல்டோ உபெர்ட்டி என்பவர் பழைய கோல்ட் துப்பாக்கிகளை அச்சு அசலாகச் செய்யத் தொடங்கினார். இப்படிப்பட்ட நகலை எப்படி எடை போடுவது? பளபளப்பைப் பார்த்து மயங்கக் கூடாது. தோட்டா இல்லாத துப்பாக்கியின் குதிரையை மெதுவாக இழுத்துப் பார்ப்பார்கள். உருளை சரியாகக் குழலுக்கு நேரே நிற்கிறதா? நின்ற பிறகு ஆடுகிறதா? இம்மி விலகினாலும் குண்டு குழலின் விளிம்பில் உரசி ஈயம் சிதறும். கோல்ட் மரத்தில் செதுக்கிப் பார்த்ததும் இந்த ஓர் அசைவைத்தான்.

பழைய துப்பாக்கியில் ஓர் ஆபத்தும் இருந்தது. ஆறு அறையிலும் தோட்டா போட்டுக் கீழே தவறவிட்டால் தானே வெடித்துவிடலாம். ஆகவே ஐந்து மட்டும் போட்டு, குதிரைக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விடுவார்கள். உபெர்ட்டியின் சில புது நகல்களில், விசையை அழுத்தாதவரை தோட்டாவைக் குத்தும் ஊசி உள்ளே பின்வாங்கியே இருக்கும். அசலில் இல்லாததைச் சேர்க்கலாமா என்று பழமை விரும்பிகள் முகம் சுளிக்கிறார்கள். என் ஓட்டு புது ஊசிக்குத்தான்.

நகல்தானே என்று யாரும் எண்ண வேண்டாம். தோட்டா சுடும் நகலும் நம் நாட்டுச் சட்டப்படி துப்பாக்கியே. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் சிறைவாசம்!