புறக்கணிப்பிடையே தளராத பற்றுறுதி – சீகன்பால்கு ஐயர்

இறைவனின் பணிக்கெனத் தம்மை ஒப்புவித்துக்கொண்டோரில் பெரும்பாலோரை உலகம் மாலையிட்டு வரவேற்றதில்லை. நூஹு நபி (அலை) நெடுங்காலம் அழைத்தும் அவர்தம் மக்களில் மிகச் சிலரே செவிசாய்த்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாயிப் நகருக்கு நல்வழி கூறச் சென்றபோது கல்லடியே கிடைத்தது. குருதி தோய்ந்த பாதங்களோடு ஒரு தோட்டத்தில் ஒதுங்கிய பெருமானார், அந்நகர மக்களைச் சபிக்கவில்லை. தம் ஆற்றாமையை இறைவனிடமே முறையிட்டார்கள். அவ்வேளையில் திராட்சைக் குலையைக் கொணர்ந்து தந்தவர் அத்தாஸ் என்னும் கிறித்தவ அடிமை என்பதை நம் வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன. மறுப்பின் துயரைச் சமயம் கடந்த மாந்தநேயம் அறியும் என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒன்றே போதிய சான்றாகும்.

அவ்வுணர்வோடு, நம் சோழநாட்டுக் கடற்கரையில் வாழ்ந்து மறைந்த கிறித்தவத் தொண்டர் ஒருவரின் வாழ்க்கையை இம்மலரின் வழியே நினைவுகூர விழைகின்றோம். அவரே பர்த்தலோமேயு சீகன்பால்கு ஐயர். தமிழ் அச்சுக்கலை வரலாற்றிலும், மேனாட்டார் தமிழ்த்தொண்டு வரலாற்றிலும் அவர் பெயரை மாணவர்கள் படித்திருப்பர். ஆனால் அத்தொண்டு எத்துணைப் புறக்கணிப்புகளுக்கு இடையே நிகழ்ந்தது என்பதும், அவற்றை அவர் எதன் துணைகொண்டு தாங்கினார் என்பதும் பலர் அறியாதன.

இளமையும் அழைப்பும்

செருமனி நாட்டின் சாக்சனிப் பகுதியில் உள்ள புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682ஆம் ஆண்டு சீகன்பால்கு பிறந்தார். இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்து மூத்த தமக்கையின் அரவணைப்பில் வளர்ந்தார். உடல்நலமோ எந்நாளும் அவருக்கு வாய்க்கவில்லை. ஹாலே பல்கலைக்கழகத்தில் பயின்ற கல்வியும் நோயால் இடைமுறிந்தது. எனினும் அங்கே பேராசிரியர் பிராங்கேயிடம் பெற்ற இறைப்பற்று அவர் நெஞ்சில் ஆழ வேரூன்றியது.

அக்காலத்தில் தென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக், தரங்கம்பாடிக்குச் சமயத் தொண்டர்களை அனுப்ப விரும்பினார். தம் நாட்டில் தக்கார் கிடைக்காமையால் செருமனியிலிருந்து சீகன்பால்குவும் அவர் நண்பர் புளூட்சோவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கோபன்ஹேகனில் இவ்விருவரையும் சோதித்த பேராயர் முதலில் தகுதியற்றோர் எனத் தள்ளிவிட்டார். மன்னரின் ஆணையால் மீண்டும் சோதனை நடந்து, 1705 நவம்பரில் குருப்பட்டம் பெற்றனர். ஆக, கப்பலேறும் முன்னரே மறுப்பின் சுவையை அவர்கள் உணர்ந்துவிட்டனர் எனலாம்.

கரையில் காத்திருந்த மறுப்பு

1706 சூலை 9ஆம் நாள் கப்பல் தரங்கம்பாடியை அடைந்தது. 1620ஆம் ஆண்டில் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் வழி தென்மார்க்கு வணிகக் கம்பெனியார் பெற்ற ஊர் அது. டேன்ஸ்போர்க்குக் கோட்டையில் இருந்த ஆளுநர் ஹாசியஸ், மன்னரின் முத்திரையோடு வந்த இவ்விருவரையும் பல மணி நேரம் காக்க வைத்தார். பின்னர்த் தங்க இடமும் காட்டாமல் தெருவில் விட்டுச் சென்றார். சமயத் தூதர்களால் தம் வணிகத்துக்கு இடையூறு நேரும் என்று கம்பெனியார் அஞ்சினர். அவ்வூர் ஐரோப்பியரின் குருமாரும் இவர்களை அன்புடன் ஏற்கவில்லை.

வாயில்கள் அடைபட்டபோது சீகன்பால்கு செய்த செயல் நம் கருத்தில் ஊன்றத்தக்கது. அவர் ஒரு திண்ணைப் பள்ளியை நாடினார். சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் நெடுங்கணக்கைக் கற்றார். பட்டம் பெற்ற குரு ஒருவர் சிறு பிள்ளைகளுக்குச் சமமாய் அமர்வதற்குப் பணிவு வேண்டும். தம் மதிப்பை மனிதர் கையில் வைத்திராதவர்க்கே அப்பணிவு கைகூடும். கம்பெனியின் மொழிபெயர்ப்பாளராய் இருந்த அழகப்பன் என்பார் அவருக்குப் பேச்சுத் தமிழைப் பயிற்றினார்.

நாகரிகமற்ற மக்களிடையே செல்கிறோம் என்னும் எண்ணத்தோடு வந்தவர் அவர். தமிழ்ச் சுவடிகளைப் பயிலப் பயில அவ்வெண்ணம் மாறிற்று. இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட சுவடிகளைத் திரட்டி, 1708இல் அவற்றுக்கு ஒரு விளக்க அட்டவணை வகுத்தார். அதில் இசுலாமியர் நூல்களுக்கும் ஒரு தனிப்பகுதி அமைத்துள்ளார் என்பது நாம் மகிழ்வுடன் குறிக்கத்தக்கது. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய நூல்களைச் செருமன் மொழியில் பெயர்த்தார்.

சிறைவாசம்

1707ஆம் ஆண்டில் அவரிடம் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்றோர் ஐவர். அனைவரும் தென்மார்க்கினர் வீடுகளில் இருந்த அடிமைகள். அதே ஆண்டு ஆகஸ்டில் கடற்கரையருகே ஒரு சிறு கோயிலும் எழுந்தது. ஏழை எளியோர் பக்கம் அவர் நின்றமை ஆளுநரின் சினத்தை வளர்த்தது.

1708இல் ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் கடன் வழக்கு எழுந்தது. எதிர்த்தரப்பில் இருந்தவர் கம்பெனியின் ஊழியர். அப்பெண்ணுக்காகச் சீகன்பால்கு மீண்டும் மீண்டும் பரிந்து பேசினார். வரவேண்டும் என்று ஆளுநர் ஆளனுப்பியபோது, எழுத்து மூலமான ஆணை வேண்டும் என்றார். அவரைப் பிடித்து வந்து விசாரித்தபோது விடையளிக்க மறுத்தார். அந்த ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் கூறுதல் வேண்டும். சீகன்பால்கு எளிதில் வளையாதவர், விரைந்து சினங்கொள்பவர். சற்று நயமாக நடந்திருந்தால் சிறை நேர்ந்திராது என்று கருதும் ஆய்வாளரும் உளர். ஆயினும் அவர் வாதாடியது தமக்காக அன்று. கேட்பாரற்ற ஒரு பெண்ணுக்காகவே. குறையுடைய மனிதரும் இறைவனின் பணிக்கு ஆளாகலாம் என்பதற்கு அவர் வாழ்வு சான்று பகர்கிறது.

அச்சிறையில் தொடக்கத்தில் தாளும் எழுதுகோலும் மறுக்கப்பட்டன. இறைவேண்டலும் ஞானப்பாடல்களுமே துணையாயின. பின்னர் எழுதும் வாய்ப்புக் கிடைத்ததும், தம்மைச் சிறையிட்டவரைப் பழித்து நூல் எழுதவில்லை. இறைவனுக்கு உகந்த வாழ்வு எது, இறைவனுக்கு உகந்த போதகர் எத்தகையவர் என்பன பற்றியே எழுதினார். பிறர் தமக்கு இழைத்த தீங்கை அளந்து கொண்டிராமல், தம் தகுதியைத் தாமே அளந்து பார்க்கும் இடமாக அச்சிறையை மாற்றிக்கொண்டார். நம் மரபில் சபுரு எனப் போற்றப்படும் பொறுமை வாளாவிருத்தல் அன்று. தன் கையில் எஞ்சியதைக் கொண்டு நன்மை செய்தலாகும். வள்ளுவர் இடுக்கணழியாமை என ஓர் அதிகாரமே வகுத்ததும் இக்கருத்துப் பற்றியே.

நான்கு திங்களுக்குப் பின், 1709 மார்ச்சு 26ஆம் நாள் விடுதலை பெற்றார். நடந்தவற்றை மேலிடத்துக்கு எழுதியனுப்பினார். ஆனால் விடை வரும்வரை கைகட்டி இருக்கவில்லை. சிறை செல்வதற்கு ஒரு மாதம் முன்னர்த் தொடங்கியிருந்த புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1711 மார்ச்சில் அது நிறைவெய்தியது.

அச்சகமும் நூல்களும்

1709இல் வந்து சேர்ந்த புதிய தொண்டர்களுள் கிரண்ட்லர் என்பார் இறுதிவரை உற்ற துணையாய் நின்றார். அவரோடு வந்த மற்றொருவரோ சீகன்பால்குவின் முறைகளைக் குறைகூறி ஐரோப்பாவுக்குத் திரும்பினார். புளூட்சோவும் 1711இல் தாயகம் சென்றார்.

இலண்டனைச் சார்ந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அனுப்பிய அச்சுப்பொறி 1712இல் தரங்கம்பாடி வந்தது. வரும் வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர்; அச்சுப்பொறி எப்படியோ தப்பியது; அதனை இயக்க வந்தவர் பயணத்திலேயே இறந்துபோனார். தமிழ் எழுத்துகள் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் வந்தன. அவை மிகப் பெரியனவாக இருந்தமையால் சிறிய எழுத்துகள் தரங்கம்பாடியிலேயே வார்க்கப்பட்டன. தமிழில் அச்சு நூல் 1578இல் கொல்லத்திலேயே வெளிவந்துவிட்டது என்பதை மாணவர்கள் அறிவர். ஆனால் அம்முயற்சிகள் நெடுநாள் நிலைக்கவில்லை. தரங்கம்பாடியிலிருந்து 1714, 1715ஆம் ஆண்டுகளில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. பொறையாற்றில் காகித ஆலையும் அமைக்கப்பெற்றது. ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளிகள் நடந்தன.

வீட்டாரே தள்ளியபோது

அயலார் தள்ளுவதைத் தாங்கலாம். தம்மவர் தள்ளுவதே நெஞ்சைப் பிளக்கும். சீகன்பால்குவுக்கு அதுவும் நேர்ந்தது. தமிழரின் சமயங்களையும் வழிபாடுகளையும் அவர்தம் நூல்களிலிருந்தும் மடல்களிலிருந்தும் தொகுத்து, 1711இல் ஒரு நூலும், 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் மரபு பற்றி மற்றொரு நூலும் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அவர் பெரிதும் மதித்த பிராங்கே, பிற சமயத்தை ஒழிக்கச் சென்றவர் அதன் செய்திகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்று கருதி அச்சிட மறுத்தார். அக்கையெழுத்துப்படிகள் உறங்கின. தெய்வ மரபு நூல் 1867இல் சென்னையில்தான் அச்சானது; முன்னைய நூலோ 1926இல் வெளிவந்தது. ஆசிரியர் மறைந்து இருநூறு ஆண்டுகள் கடந்த பின் வந்த மதிப்பு அது. இன்று அவை அக்காலத் தமிழர் வாழ்வை அறிய உதவும் அரிய சான்றுகளாக ஆய்வாளரால் போற்றப்படுகின்றன.

1714இல் அவர் ஐரோப்பா சென்றார். அங்கே மணம் புரிந்தார். இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கண நூலை 1716இல் ஹாலேயில் வெளியிட்டார். அந்த ஆண்டே திரும்பினார். ஹாசியசுக்குப் பின் வந்த ஆளுநர் நட்புடன் பழகினார். 1717இல் புதிய எருசலேம் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பெற்று, 1718 அக்டோபரில் வழிபாடு தொடங்கியது. வெளியிலிருந்து வந்த தடைகள் நீங்கின எனத் தோன்றிய அவ்வேளையில், பணியைக் கண்காணிக்க 1714இல் கோபன்ஹேகனில் நிறுவப்பெற்ற குழுவிலிருந்து புயல் எழுந்தது. அதன் செயலர் வெண்டு என்பார், தொண்டர்கள் அப்போஸ்தலரைப் போல் பொருளின்றிச் சுற்றித் திரிந்து போதிக்க வேண்டும். பள்ளி, அச்சகம், கட்டடம், குடும்பம் எல்லாம் வீண் சுமை என்னும் கொள்கையினர். கண்டன மடல்கள் வந்தன, பொருளுதவி தடைப்பட்டது. பன்னிரண்டு ஆண்டு உழைப்பும் பிழை என்று ஏறத்தாழத் தீர்ப்புரைக்கப்பட்டது.

ஏற்கனவே நலிந்திருந்த உடல் அவ்வடியைத் தாங்கவில்லை. பணிப் பொறுப்பைக் கிரண்ட்லரிடம் ஒப்படைத்து, தம்மிடம் பயின்ற மக்களுக்கு இறுதி அறிவுரை கூறி, தாம் விரும்பிய ஞானப்பாடலைச் சூழ நின்றோர் பாடக் கேட்டவாறே 1719 பிப்ரவரி 23ஆம் நாள் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 36. பழைய ஏற்பாட்டில் ரூத்து நூல் வரையிலும் மொழிபெயர்ப்பு முடிந்திருந்தது. அவர் கட்டிய ஆலயத்திலேயே அவர் அடக்கம் செய்யப்பெற்றார். ஓராண்டு கழித்து 1720 மார்ச்சில் கிரண்ட்லரும் மறைந்தார்.

நாம் கொள்ளத்தக்கது

இறைவனைச் சார்ந்தவர் எந்நாளும் வென்றே தீருவர் என்று எழுதுதல் எளிது. சீகன்பால்குவின் வாழ்வு அவ்வாறு எழுத இடந்தரவில்லை. அவரால் சமயம் மாறியோர் சில நூறு பேரே. தம்மவரின் மறுப்பு அவர் உடலை முறித்தது. தம் நூல்களின் சிறப்பு உணரப்படுவதை அவர் காணவில்லை. அங்ஙனமாயின் இறைவனிடம் அவர் பெற்ற வலிமை யாது?

ஒவ்வொரு வாயில் அடைபட்ட மறுநாளும் அன்றைய பணிக்கு எழுந்து சென்றமையே அவ்வலிமை என்பது எம் கருத்து. கரையில் தள்ளப்பட்டார், திண்ணைப் பள்ளிக்குச் சென்றார். சிறையிலிருந்து வந்தார், மொழிபெயர்ப்பில் அமர்ந்தார். ஆசிரியர் நூலை மறுத்தார். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தார். முயற்சி தம்முடையது, முடிவு இறைவனுடையது என்று கருதியவர்க்கே இது இயலும். நாம் தவக்குல் என்று வழங்குவதும் இதனையே.

அவர்தம் சமயக் கொள்கை வேறு, நம் கொள்கை வேறு. அவ்வேறுபாட்டை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு மொழியை அதன் எளிய குழந்தைகளோடு அமர்ந்து கற்றவரை, ஏழைக் கைம்பெண்ணுக்காகச் சிறை புகுந்தவரை, பிற சமயத்தார் நூல்களையும் அழியாமல் அட்டவணைப்படுத்தியவரை மதிப்பதற்கு எந்தக் கொள்கையும் தடையாகாது. தேர்வில் தோல்வியும், நேர்முகத்தில் மறுப்பும், நல்லது செய்யப்போய்ப் பெற்ற பழியும் நம் மாணவச் செல்வங்களுக்கு நேரும். அந்நாளில் தரங்கம்பாடியின் மணலில் விரல் பதித்து உயிரெழுத்து எழுதிய அம்மனிதரை அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக. திராட்சைக் குலையோடு வந்த அத்தாசையும் உடன் எண்ணுவார்களாக. ஏனெனில் தள்ளப்பட்ட ஒருவர்க்கு ஆறுதல் அளிக்கும் வாய்ப்பும் நமக்கு என்றேனும் வாய்க்கும்.